வண்டி எண்ணிலிருந்து ஒரு தீராத கேள்வி: 196-ஐ நீங்களே ஆராய்வது எப்படி?

தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டு மாணவருக்குத் தெரிந்த கூட்டல் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, உலகில் எவருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியின் முன்னால் போய் நிற்க முடியும். எண்ணியலில் இத்தகைய கேள்விகள் பல உள்ளன. அவற்றுள் பெயர் பெற்றவை பெரும்பாலும் பகா எண்களைப் பற்றியவை என்பதால், தொடக்க நிலையில் உள்ளவர்கள் கேள்வியைப் புரிந்துகொண்டாலும் தாமாகச் செய்து பார்க்க அதிக இடம் கிடைப்பதில்லை. இங்கே நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி அப்படிப்பட்டதன்று. இதன் ஒரு பகுதியை நீங்களே முழுமையாக நிறுவிவிடலாம். அடுத்த பகுதியில் எல்லோரையும் போல நீங்களும் சிக்கிக்கொள்வீர்கள். அந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதைக் கையால் கணக்கிட்டுக் காண்பதே இந்தச் செய்முறையின் நோக்கம்.

தேவையானவை கட்டம் போட்ட தாள், பென்சில், கொஞ்சம் வண்டி எண்கள். நம் மலேசிய நாட்டு வண்டிப் பலகைகளில் எழுத்துகளுக்குப் பின் வரும் எண் 1 முதல் 9999 வரை இருக்கும் என்பதால், மாலை நேரத்தில் பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நிற்கும் எவருக்கும் எண்களுக்குப் பஞ்சமில்லை. (சாலையில் கண்ட எண்ணைக் குறித்துக்கொண்டு நாலு நம்பர் குலுக்கல் கடைக்குப் போகிறவர்களும் நம்மிடையே உண்டு. நாம் அதே எண்ணை, செலவில்லாத வேறொரு வேலைக்குப் பயன்படுத்தப் போகிறோம்.)

முதல் படி: திருப்பு, கூட்டு

உங்களுக்கு முன்னால் நிற்கும் காரின் எண் 3462 என்று வைத்துக்கொள்வோம். அதைப் பின்னாலிருந்து எழுதினால் 2643. இரண்டையும் கூட்டினால் 6105 கிடைக்கும். இதை ஒரு சுற்று என்போம். கிடைத்த விடையை மறுபடியும் திருப்பிக் கூட்டுங்கள்: 6105 + 5016 = 11121. மூன்றாம் சுற்றில் 11121 + 12111 = 23232. விகடகவி என்ற சொல்லைப் போல, இந்த எண்ணை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. இத்தகைய எண்ணை மாலைமாற்று எண் என்று குறிப்பிடுவோம். அது வந்தவுடன் நிறுத்திவிடலாம். திருப்பும்போது முன்னால் சுழியம் வந்தால் அதை விட்டுவிடுங்கள்: 790ஐத் திருப்பினால் 97.

கேள்வி இதுதான்: எந்த எண்ணில் தொடங்கினாலும் என்றாவது ஒரு மாலைமாற்று எண் வந்தே தீருமா?

இரண்டாம் படி: பிழையைப் பிடிக்க இரண்டு வலைகள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். பிறகு பத்தாவது சுற்றில் எழுதியதையெல்லாம் அழிக்கிறார்கள். ஓர் எண்ணைத் திருப்பினால் இலக்கங்களின் கூட்டுத்தொகை மாறுவதில்லை. ஆகவே 9ஆல் வகுத்தால் வரும் மீதியும் மாறாது. இதன் விளைவாக, ஒவ்வொரு சுற்றிலும் அந்த மீதி இரட்டிப்பாக வேண்டும். 3462இன் இலக்கக் கூட்டு 15, அதைச் சுருக்கினால் 6. 6105இல் அது 12, அதாவது 3. 6இன் இரு மடங்கான 12உம் 3ஆகவே சுருங்குகிறது.

இரண்டாவது வலை இன்னும் கூர்மையானது. இரட்டைப்படை எண்ணிக்கையில் இலக்கங்கள் உள்ள எண்ணைத் திருப்பிக் கூட்டினால், விடை 11ஆல் மீதியின்றி வகுபடும். நான்கு இலக்க எண்ணில், முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் சேர்ந்த கூட்டுத்தொகை 1001ஆல் பெருகுகிறது. நடு இலக்கங்களின் கூட்டுத்தொகை 110ஆல் பெருகுகிறது. 1001, 110 இரண்டுமே 11இன் மடங்குகள். ஒருமுறை 11ஆல் வகுபடத் தொடங்கிய வரிசை, அதன் பிறகு எத்தனை சுற்று போனாலும் அப்படியே இருக்கும். 6105 = 11 × 555, 11121 = 11 × 1011, 23232 = 11 × 2112. எங்கேனும் வகுபடவில்லை என்றால் கூட்டலில் பிழை உள்ளது, ஐயமே வேண்டாம்.

மூன்றாம் படி: ஈரிலக்க எண்களை முழுமையாக முடித்துவிடுதல்

10 முதல் 99 வரை 90 எண்கள் உள்ளன. ஒவ்வொன்றாகச் செய்யத் தேவையில்லை. ஓர் எண்ணின் இலக்கங்கள் எவையாக இருந்தாலும், திருப்பிக் கூட்டும்போது விடை அவற்றின் கூட்டுத்தொகையின் 11 மடங்கு. 47, 74, 56, 65, 29 எல்லாவற்றிலும் கூட்டுத்தொகை 11; ஆகவே எல்லாமே 121ஐத்தான் தரும். இப்படிப் பார்த்தால் 90 எண்கள் 18 வகைகளாகச் சுருங்கிவிடுகின்றன.

கூட்டுத்தொகை 9 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் கையிருப்பு (அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் 1) எதுவும் ஏற்படாது. விடை 11 முதல் 99 வரையிலான மாலைமாற்று எண்ணாக முதல் சுற்றிலேயே வந்துவிடும். 10 என்றால் 110, பிறகு 121. 11 என்றால் நேராக 121. 12 என்றால் 132, 363. 13 என்றால் 143, 484. 14 என்றால் 154, 605, 1111. 15 என்றால் 165, 726, 1353, 4884. 16 என்றால் 176, 847, 1595, 7546, 14003, 44044. 18 என்பது 99க்கு மட்டும் உரியது; அது ஏற்கெனவே மாலைமாற்று எண்.

எஞ்சியிருப்பது 17 மட்டும், அதாவது 89உம் 98உம். 187, 968, 1837, 9218, 17347 என்று தொடரும் இந்த வரிசையைக் கைவிடாமல் எழுதுங்கள். 24ஆவது சுற்றில் 8813200023188 வந்து நிற்கும். அந்த எண்ணைச் சொந்தக் கையெழுத்தில் அடைந்தவருக்கு, இரண்டாம் படியின் வலைகள் எதற்கு என்று விளக்க வேண்டியிருக்காது. இத்துடன் ஈரிலக்க எண்கள் அனைத்துக்கும் விடை 'ஆம்' என்று நீங்கள் நிறுவிவிட்டீர்கள். இது ஊகமன்று, முழு நிறுவல்.

நான்காம் படி: 196

இப்போது 196இல் தொடங்குங்கள். 887, 1675, 7436, 13783, 52514, 94039, 187088, 1067869 என்று வளரும். 9ஆல் வகுக்க வரும் மீதிகள் 7, 5, 1, 2, 4, 8 என்ற வரிசையில் சுழன்று வர வேண்டும். 7436 முதல் எல்லாம் 11ஆல் வகுபட வேண்டும். இந்த வரிசையில் இன்றுவரை ஒரு மாலைமாற்று எண்ணும் வரவில்லை. வரவே வராது என்று எவரும் நிறுவவும் இல்லை.

ஜான் வாக்கர் என்ற நிரலாளர் 1987 ஆகஸ்டில் ஒரு கணினியின் ஓய்வு நேரத்தில் இந்த வேலையை ஓடவிட்டார். 1990 மே மாதத்தில், 2,415,836 சுற்றுகளுக்குப் பிறகு, எண் பத்து லட்சம் இலக்கங்களை எட்டியபோது அது நின்றது. 2011இல் ரோமான் டோல்போ ஒரு பில்லியன் சுற்றுகளை எட்டினார். அப்போது எண்ணில் 413 மில்லியனுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இருந்தன. மாலைமாற்று எண் அப்போதும் அகப்படவில்லை.

ஐந்தாம் படி: பட்டியலைச் சுருக்குதல்

1000க்குக் கீழே விடை தெரியாத எண்கள் பதின்மூன்று: 196, 295, 394, 493, 592, 689, 691, 788, 790, 879, 887, 978, 986. இவை பதின்மூன்று தனிக் கேள்விகளா? மூன்று இலக்க எண்ணைத் திருப்பிக் கூட்டினால், முதல், கடைசி இலக்கங்களின் கூட்டுத்தொகை 101ஆலும் நடு இலக்கம் 20ஆலும் பெருகும். 196, 295, 394, 493, 592, 691, 790 ஆகிய ஏழிலும் ஓரங்களின் கூட்டுத்தொகை 7, நடு இலக்கம் 9; எனவே ஏழும் 707 + 180 = 887 என்ற ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. 689, 788, 887, 986 ஆகிய நான்கும் 1515 + 160 = 1675இல் சேர்கின்றன; அதுவோ 196இன் பாதையிலேயே உள்ளது. எஞ்சிய 879உம் 978உம் 1857க்குப் போகின்றன. அந்தப் பாதை 196இன் பாதையோடு சேர்ந்ததாக இதுவரை காணப்படவில்லை. ஆகப் பதின்மூன்று கேள்விகள் இரண்டே கேள்விகளாகிவிட்டன.

ஆறாம் படி: கணினிக்கு மாறுதல்

எக்செல் அட்டவணையில் செய்ய முற்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும். அதற்கு மேற்பட்டவற்றைச் சத்தமில்லாமல் சுழியமாக்கிவிடும். 89இன் வரிசை 13 இலக்கங்களில் முடிவதால் தப்பித்துவிடும்; 196 தப்பாது. பைத்தான் மொழியில் முழு எண்களுக்கு இந்த வரம்பு இல்லை. எண்ணை எழுத்துச்சரமாக மாற்று, திருப்பு, மீண்டும் எண்ணாக்கு, கூட்டு, விடையும் அதன் திருப்பமும் ஒன்றா என்று பார் என ஐந்து கட்டளைகளே போதும். 11ஆல் வகுபடும் சோதனையை நிரலிலும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: கிடைத்த சான்றை எடைபோடுதல்

இந்தச் செய்முறையில் நான் முக்கியமாகக் கருதுவது இந்தப் படியைத்தான். ஒரு பில்லியன் சுற்றுகள் போயும் கிடைக்கவில்லை என்றால் 'இல்லை' என்றே முடிவு செய்துவிடலாமே என்று ஒவ்வொரு வகுப்பிலும் இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவ மாணவர் ஒருவராவது கேட்பார்.

முதலில் 'மாலைமாற்று வரவே வராது' என்ற ஊகத்துக்குச் சாதகமான காரணத்தைப் பார்ப்போம். எதிரெதிர் இடத்திலுள்ள இரு இலக்கங்களின் கூட்டுத்தொகை எந்த இணையிலும் 9ஐத் தாண்டவில்லை என்றால் விடை மாலைமாற்று எண்ணாகிவிடும். ஓர் இணைக்கு இருக்கக்கூடிய 100 சேர்க்கைகளில் 55 சேர்க்கைகள் 9ஐத் தாண்டாதவை. 20 இலக்க எண்ணில் பத்து இணைகளும் அப்படி அமைய வாய்ப்பு ஏறக்குறைய 400இல் ஒன்று. 100 இலக்க எண்ணில் அது ஏறக்குறைய 10 டிரில்லியனில் ஒன்று. எண் வளர வளர வாய்ப்பு அதைவிட வேகமாகத் தேய்கிறது. 29 + 92 = 121 என்பது போலக் கையிருப்பு இருந்தும் மாலைமாற்று வருவது உண்டு; எனவே இது மேலோட்டமான மதிப்பீடுதான். இருந்தாலும் 196 தப்பியே செல்லும் என்று நம்புவதற்கு இது நியாயமான காரணம்.

ஆனால் இலக்கங்கள் சீட்டுக் குலுக்கி எடுக்கப்பட்டவை அல்ல. அவை முந்தைய எண்ணால் முற்றிலும் தீர்மானிக்கப்பட்டவை. ஆகவே வாய்ப்புக் கணக்கு நிறுவலாகாது. நீண்ட சோதனையும் ஆகாது. கணிதவியலாளர் கோல்ட்பாக் 1752இல் மற்றொரு கணிதவியலாளரான ஆய்லருக்கு எழுதிய ஒரு கடிதத்தில், ஒற்றைப்படை எண்களை ஒரு பகா எண்ணுடன் ஒரு வர்க்கத்தின் இரு மடங்கைக் கூட்டி எழுதலாம் என்று ஊகித்தார். 9 = 7 + 2 × 1, 15 = 7 + 2 × 4, 25 = 7 + 2 × 9 என்று ஆயிரக்கணக்கில் சரியாகவே போகும் அந்த ஊகம் 5777இல் உடைகிறது. அதை 1856இல் ஸ்டெர்ன் கண்டுபிடித்தார். அதே கோல்ட்பாக் 1742இல் எழுதிய மற்றோர் ஊகம், 2ஐவிடப் பெரிய இரட்டைப்படை எண் ஒவ்வொன்றும் இரு பகா எண்களின் கூட்டுத்தொகை என்பது, இன்றுவரை உடையவும் இல்லை, நிறுவப்படவும் இல்லை.

196க்கு ஒரு நிறுவல் எப்படி இருக்கக்கூடும் என்பதை, 0, 1 என்ற இரு இலக்கங்களை மட்டும் கொண்ட இரும எண் முறை காட்டுகிறது. அங்கே 10110இல், அதாவது நம் 22இல், தொடங்கினால் நான்கு சுற்றுகளுக்குப் பின் 10110100 வரும். எட்டுக்குப் பின் 1011101000. 10110100 முதல் நான்கு சுற்றுக்கு ஒருமுறை, நடுவில் ஓர் ஒன்றும் கடைசியில் ஒரு சுழியமும் கூடுகின்றன, வடிவம் மாறுவதில்லை. இடைப்பட்ட எண்களின் வடிவமும் தெரியும். அவற்றில் எதுவும் மாலைமாற்று அன்று. ஆகவே இரும முறையில் 'எப்போதும் வரும்' என்பது பொய் என நிறுவப்பட்டுவிட்டது. பதின்ம முறையில் 196இன் வரிசையில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் வடிவம் எதையும் எவரும் கண்டதில்லை. சிக்கல் இருப்பது அங்கேதான்.

எட்டாம் படி: நீங்கள் செய்ய வேண்டியது

1 முதல் 9999 வரையிலான வண்டி எண்களில் விடை தெரியாதவை 249. அவற்றில் 13ஐ மேலே பார்த்துவிட்டோம்; நான்கு இலக்க எண்கள் 236 எஞ்சியுள்ளன. ஓரங்களின் கூட்டுத்தொகை 1 முதல் 18 வரையும், நடு இலக்கங்களின் கூட்டுத்தொகை 0 முதல் 18 வரையும் இருக்கலாம் என்பதால், 9000 எண்களுக்குப் பதிலாக 18 × 19 = 342 வரிகளைச் சோதித்தால் போதும். ஒவ்வொரு வரியையும் 50 சுற்றுகள் வரை ஓடவிட்டு, மாலைமாற்று வராத வரிகளை மட்டும் குறித்துவையுங்கள். பிறகு அந்த வரியில் எத்தனை எண்கள் அடங்கும் என்று கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, 1997இல் ஓரங்கள் 8, நடு 18. நடுவில் 99 மட்டுமே வர முடியும், ஓரங்கள் எட்டு வகையில் வரலாம். ஆக 1997 முதல் 8990 வரை எட்டு எண்கள், எல்லாமே 9988க்குப் போகும். எல்லா வரிகளையும் சேர்த்துக் கூட்டும்போது 236 வரவில்லை என்றால், இரண்டாம் படியின் சோதனைகளை எந்த வரியில் தவறவிட்டீர்கள் என்று தேடுங்கள்.