எந்தப் பட்டியலில் நம்பர் ஒன்? ஐரோப்பிய பாப் வரலாறு எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பிரிட்டனில் பீட்டில்ஸ் குழுவுக்கு முதன்முதலில் முதலிடம் வாங்கித் தந்த பாட்டு எது? சில வருஷங்களுக்கு முன்பு நண்பர்களுக்காக நான் தயாரித்த வினாடி வினாவில் இந்தக் கேள்வி இருந்தது. என் தாளில் எழுதியிருந்த விடை 'ஃப்ரம் மீ டு யூ'. ஒருவர் 'பிளீஸ் பிளீஸ் மீ' என்றார். தவறு என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரு படம் வந்தது: 1963-ஆம் ஆண்டின் என்.எம்.இ. என்ற இசை வார இதழில் வந்த பாட்டு விற்பனைப் பட்டியல். 'பிளீஸ் பிளீஸ் மீ' அதில் முதலிடத்தில் இருந்தது.

அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அன்றைக்கு பிரிட்டனில் ஒரே ஒரு பட்டியல் என்று எதுவும் கிடையாது. என்.எம்.இ. ஒன்று போட்டது, மெலடி மேக்கர் ஒன்று போட்டது, ரெக்கார்ட் ரீடெய்லர் என்ற வணிக இதழ் இன்னொன்று போட்டது. பிபிசி தன் பங்குக்குப் பல பட்டியல்களைக் கூட்டிச் சராசரி எடுத்தது. இதெல்லாம் தொடங்கிய கதையே எளிமையானது. 1952 நவம்பரில் என்.எம்.இ.யின் பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 கடைகளுக்குப் போன் போட்டு, இந்த வாரம் எது அதிகம் போனது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதுதான் பிரிட்டனின் முதல் விற்பனைப் பட்டியல்.

பிபிசியும் ரெக்கார்ட் ரீடெய்லரும் சேர்ந்து ஒரு ஆய்வு நிறுவனத்திடம் பட்டியல் வேலையை ஒப்படைத்தது 1969-இல்தான். அதற்கு முந்தைய காலத்துக்கு எதை 'அதிகாரபூர்வம்' என்று கொள்வது என்பதைப் பின்னால் வந்தவர்கள் முடிவு செய்தார்கள்: 1960 மார்ச் வரை என்.எம்.இ., அதன் பிறகு ரெக்கார்ட் ரீடெய்லர். அந்த ரெக்கார்ட் ரீடெய்லரில் 'பிளீஸ் பிளீஸ் மீ' இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. அதனால்தான் 2000-இல் வெளிவந்த பீட்டில்ஸின் முதலிடப் பாடல்கள் தொகுப்பில் அந்தப் பாட்டு இல்லை. இத்தனைக்கும் என்.எம்.இ.யும் மெலடி மேக்கரும் ரெக்கார்ட் ரீடெய்லரைவிட அதிகக் கடைகளைக் கேட்டவை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

'ஐரோப்பாவில் முதலிடம்'

இந்தச் சொற்றொடரைக் கண்டால் எந்த நாடு என்று கேட்டுவிடுங்கள். பிரான்ஸில் டாப் 50 என்ற சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு) பட்டியல் 1984 நவம்பரில்தான் வந்தது. ஆகவே 1975-இல் பிரான்ஸில் நம்பர் ஒன் என்று எழுதியிருந்தால், வேறு ஏதோ ஒரு பட்டியலையோ பின்னாளில் தொகுத்த கணக்கையோ பார்த்துச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். நெதர்லாந்தில் 1965 முதல் டாப் 40 இருக்கிறது, சிங்கிள் டாப் 100 என்று தனியாக இன்னொன்றும் இருக்கிறது. இரண்டும் பல வாரங்களில் ஒத்துப்போகாது. பெல்ஜியத்தில் டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸுக்கு ஒன்று, பிரெஞ்சு பேசும் வலோனியாவுக்கு ஒன்று. 'ஜெர்மனி' என்று 1985-ஐப் பற்றி எழுதினால் அது மேற்கு ஜெர்மனி மட்டுமே. ஐரோப்பா முழுவதற்கும் சேர்த்து யூரோசார்ட் என்று ஒன்று இருந்தது உண்மை. அதில் பெரிய சந்தைகளுக்கு எடை அதிகம். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் தூக்கலாக விற்றால் மற்ற நாடுகள் கண்டுகொள்ளாவிட்டாலும் மேலே போய்விடலாம்.

லண்டனைப் பார்த்து மற்றதை ஊகிப்பது

ஆங்கிலத்தில் படிக்கும் நமக்கு இது தானாக வரும் தவறு. மாடர்ன் டாக்கிங் 1985, 86-இல் மேற்கு ஜெர்மனியில் தொடர்ந்து ஐந்து சிங்கிள்களை முதலிடத்துக்குக் கொண்டுபோன இருவர் குழு. பிரிட்டனில் அவர்கள் எட்டிய உச்சம் 'பிரதர் லூயி'யின் நான்காம் இடம். பிரிட்டிஷ் பட்டியலை மட்டும் வைத்து எழுதினால் அவர்கள் ஒரு ஓரக் குறிப்பாகப் போய்விடுவார்கள்.

நார்வேயின் ஆ-ஹா விஷயத்தில் தவறு அமெரிக்கப் பக்கமிருந்து வருகிறது. 'டேக் ஆன் மீ' 1985-இல் அமெரிக்காவில் முதலிடம். அதற்குப் பிறகு அங்கே பெரிதாக எதுவும் இல்லை என்பதால் 'ஒரே பாட்டுக் குழு' என்ற முத்திரை விழுந்தது. அதே பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடம்தான். அங்கே முதலிடம் போனது அவர்களின் அடுத்த சிங்கிள், 1986 ஜனவரியில்.

ஜெர்மன் குழுவான நேனாவின் பலூன் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1983-இல் மேற்கு ஜெர்மனியில் ஜெர்மன் பாட்டாக முதலிடம். 1984-இல் அமெரிக்கா அந்த ஜெர்மன் வடிவத்தையே இரண்டாம் இடம் வரை ஏற்றியது. பிரிட்டனில் முதலிடம் வந்தது ஆங்கில வடிவம். 'இந்தப் பாட்டு மூன்று நாட்டிலும் ஹிட்' என்று எழுதினால் எந்தப் பாட்டு என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

போனி எம். நம் ஊர் கேசட் தலைமுறைக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. அதனாலேயே உலகம் முழுக்க ஒரே அளவில் ஓடினார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' 1978-இல் பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம், அமெரிக்காவில் 30-ஆம் இடம். பிரிட்டனில் அது இறங்கத் தொடங்கியபோது வானொலிகள் இசைத்தட்டைத் திருப்பி, மறுபக்கத்தில் இருந்த 'பிரவுன் கேர்ள் இன் த ரிங்'கைப் போட ஆரம்பித்தன. 20-ஆம் இடம் வரை சரிந்த தட்டு மறுபடி இரண்டாம் இடத்துக்கு ஏறியது. இரண்டு பாட்டு, ஒரே தட்டு, ஒரே விற்பனைக் கணக்கு. தனித்தனி ஹிட்டாக எண்ணிக் கூட்டிவிடாதீர்கள். மேடையில் ஆடிய பாபி ஃபாரெலைப் பாடகர் என்று எழுதுவதும் வேண்டாம். தட்டில் ஒலித்த ஆண் குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபேரியனுடையது.

காலம் மாறினால் அளவுகோலும் மாறும்

பிரையன் ஆடம்ஸ் 1991-இல் பிரிட்டனில் ஒரே பாட்டோடு தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் இருந்தார். 2000-இல் அதே பட்டியலில் ஓராண்டுக்குள் 40-க்கும் மேற்பட்ட பாட்டுகள் முதலிடம் வந்து போயின. முதல் வாரத்திலேயே மொத்த விற்பனையையும் அள்ளும் வித்தையை கம்பெனிகள் கற்றுக்கொண்டிருந்தன. 2014-இல் ஸ்ட்ரீமிங் கணக்கில் சேர்ந்தது. 2017 மார்ச்சில் எட் ஷீரன் ஒரே வாரத்தில் டாப் 20-இல் 16 இடங்களைப் பிடித்தார். சில மாதங்களில் ஒரு கலைஞருக்கு மூன்று பாட்டுதான் என்று விதி வந்தது. இதை 1964-இன் பீட்டில்ஸோடு ஒப்பிட்டு 'சாதனை முறியடிப்பு' என்று தலைப்பு போடுவது மகா தப்பு. அன்று ஒரு பாட்டைப் பட்டியலில் ஏற்ற ஒருவர் கடைக்கு நடந்து போய்க் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் 2007 முதல் எண்ணிக்கை அல்ல, வசூல்தான் வரிசையைத் தீர்மானிக்கிறது. விலை கூடிய பெட்டித் தொகுப்பு போட்டால் குறைவாக விற்றும் மேலே வரலாம். பிளாட்டினம் என்ற சான்றிதழைக் கண்டதும் விற்பனை என்று நினைக்காதீர்கள். நெடுங்காலம் அது கடைகளுக்கு அனுப்பிய தட்டுகளின் கணக்கு. பிரிட்டனில் சிங்கிள் பிளாட்டினத்துக்கு 10 லட்சம் என்றிருந்தது 1989-இல் 6 லட்சமாகக் குறைந்தது.

இரண்டாம் இடத்தைத் தோல்வி என்று எழுதுவது இன்னொன்று. வாம்! குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' 1984-இல் பேண்ட் எய்டுக்கு, அதாவது பல பாடகர்கள் நிதி திரட்டச் சேர்ந்து பாடிய பாட்டுக்கு, பின்னால் நின்றது. அந்த பேண்ட் எய்டிலும் வாம்! பாடகர் ஜார்ஜ் மைக்கேல் பாடியிருக்கிறார், தன் குரலே தன்னை மறித்த கதை. 'லாஸ்ட் கிறிஸ்மஸ்'ஸுக்கு முதலிடம் 2021 ஜனவரி 1 அன்று கிடைத்தது, அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து.

பீட்டில்ஸ் கேள்வியைத் திருத்தி 'அதிகாரபூர்வப் பட்டியலின்படி' என்று சேர்த்து அந்த நண்பருக்கு அனுப்பினேன். ஒரு வரியில் பதில் வந்தது: "1963-இல் அதிகாரபூர்வப் பட்டியல் ஏது?"