மழலையர் பள்ளிக்கு அனுப்பும் முன் வீட்டில் பழக்க வேண்டியவை

விஜயதசமி அன்று பச்சரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்த மறுநாளே, பல வீடுகளில் பலகையும் பல்பமும் வந்துவிடுகின்றன. இரண்டரை வயதில் விரல்களுக்கு எழுதும் உறுதி வந்திருக்காது. ஆகவே அங்கன்வாடிக்கோ பிளே ஸ்கூலுக்கோ அனுப்புவதற்கு முந்தைய சில மாதங்களை எழுத்துப் பயிற்சியில் கரைக்காமல், கைப்பழக்கத்துக்கும் பேச்சுக்கும், பெற்றோரைப் பிரிந்து சிறிது நேரம் இருந்து பழகுவதற்கும் ஒதுக்குவதே நல்லது.

கைக்கான பயிற்சிக்குச் சமையலறையே போதும். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைக் கொடுத்து உருட்டவும் தட்டவும் கிள்ளவும் விடலாம்; பச்சைப் பட்டாணி உரிக்கவும், கீரை ஆயும்போது இலையைக் கிள்ளிப் போடவும் சொல்லலாம். அடியில் ஒரு தாம்பாளத்தை வைத்து, ஒரு டம்ளரிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் பழக்கினால், மணிக்கட்டும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொள்ளும். 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையிலும் இத்தகைய அன்றாட வேலைகளுக்குப் பிறகுதான் எழுத்து வருகிறது. தண்ணீர் சிந்தத்தான் செய்யும். துடைக்கத் துணியைக் குழந்தையிடமே கொடுத்துவிடலாம். ஆனால் எதையும் வாயில் போடும் பழக்கம் நிற்கும்வரை சோழி, புளியங்கொட்டை, வேர்க்கடலை போன்ற சிறு பொருள்களைத் தவிர்க்க வேண்டும். பட்டாணி உரிக்கும்போதும் பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.

தன் கையால் சாப்பிடுவதற்கு, டிவியும் கைப்பேசியும் இல்லாத ஒரு வேளையிலிருந்து தொடங்குங்கள். டிபன் பாக்ஸைக் கடையிலேயே குழந்தையிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பார்த்து வாங்குவதும், பட்டனும் ஜிப்பும் இல்லாத எலாஸ்டிக் வைத்த கால்சட்டையைத் தேர்ந்தெடுப்பதும் சிறிய விஷயங்கள்தாம். பள்ளியில் குழந்தை பிறர் கையை எதிர்பார்த்து நிற்காமல் இருக்க அவை உதவும். கழிப்பறையைப் பொறுத்தவரை, வீட்டுக்குள் மட்டும் புரியும் செல்லச் சொல்லை விட்டுவிட்டு, ஆசிரியருக்கும் ஆயாவுக்கும் விளங்கும் சொல்லைப் பழக்க வேண்டும். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் மட்டுமே பார்த்த குழந்தை, பள்ளியில் இந்தியன் டாய்லெட்டைக் கண்டு மிரண்டு நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு இருக்கக்கூடும் என்பதால், சேர்க்கும் பள்ளியில் எது உள்ளது என்பதை முன்பே பார்த்து வைத்துப் பழக்குங்கள்.

பேச்சை வளர்க்கத் தனிப் பாடவேளை வேண்டாம். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் வெவ்வேறு கூடைகளில் பிரித்துப் போடும்போதும், படிகளை எண்ணிக்கொண்டே ஏறும்போதும் பேசிக்கொண்டே இருந்தால், எண்ணும் வகைப்படுத்தும் திறனும் கூடவே வந்துவிடும். காக்கா, நரி கதையைச் சொல்கையில் இடையில் நிறுத்தி, “அப்புறம் நரி என்ன கேட்டுச்சு?” என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள், அவசரப்பட்டு நாமே சொல்லிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஆங்கில வழிப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தாலும், வீட்டில் தமிழில் முழு வாக்கியங்களாகப் பேசுவதைக் குறைக்கத் தேவையில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை திரையின் முன் உட்காரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும், மூன்று வயதில் பகல் உறக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. எழுத்துகளைக் குழந்தை தானாகவே கேட்டால் தாராளமாகக் காட்டலாம்.

பிரிவைப் பழக்க, முதலில் பாட்டியிடமோ அத்தையிடமோ அரை மணி நேரம் விட்டுச் செல்லுங்கள். கண்ணில் படாமல் நழுவிப் போகாமல், சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும். கடிகாரம் புரியாத வயது என்பதால், “நீ சாப்பிட்டு முடிச்சதும் வந்துடுவேன்” என்று நிகழ்ச்சியைக் காட்டிச் சொல்லி, சொன்னபடியே திரும்பி வர வேண்டும். “சேட்டை பண்ணினா ஸ்கூல்ல விட்டுடுவேன், மிஸ் அடிப்பாங்க” என்ற மிரட்டலைத் தாத்தா முதல் பக்கத்து வீட்டு மாமா வரை அனைவரும் கைவிடுவது நல்லது. ஒரே வாக்கியத்தில் பள்ளியும் ஆசிரியரும் தண்டனையாகிவிடுகிறார்கள்.

இவற்றோடு கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. இரண்டு வயது கடந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையையும், பள்ளிக்குப் போனால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாமல், செவித்திறன் பரிசோதனையோடு குழந்தை நல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.