அப்பாவைப் பற்றி 24 பக்கம்: நினைவு மலர் எழுதப் போகிறவர்களுக்கு

திருச்சியில் டி.டி.பி. கடை வைத்து 25 வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, பில் புக் எல்லாவற்றையும்விட நான் அதிகம் அடித்தது கண்ணீர் அஞ்சலிதான். விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினால் சாவு என்று அர்த்தம். போட்டோவை வாங்கி, தோற்றம் மறைவு என்று இரண்டு தேதி போட்டு, "பாசமிகு தந்தை, ஓய்வறியா உழைப்பாளி, இமயம் சரிந்தது" என்று இருபது நிமிஷத்தில் முடித்துக் கொடுத்துவிடுவேன். ஆள்தான் வேறு, வாசகம் ஒன்றே.

2023 பிப்ரவரியில் என் அப்பா போனபோதும் அதே ஃபைலைத் திறந்து பெயரை மாற்றினேன். போஸ்டருக்கு அது போதும். தலைத்திவசத்துக்கு 24 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று தங்கை சொன்னாள். உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. அப்பா எங்களுக்காக ஓடாய்த் தேய்ந்தவர். அவரோடு இருப்பது சுலபமும் இல்லை. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் அது வேறு யாரோ ஒருவரின் அப்பா. பதினோரு மாசம் தடுமாறி ஒருவழியாக முடித்தேன். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார்.

ஞாபகத்திலிருந்து தொடங்காதீர்கள், தாளிலிருந்து தொடங்குங்கள். ஞாபகம் அழ வைக்கும், அழுதுகொண்டே எழுதினால் திரும்பவும் இமயம்தான் சரியும். அப்பாவுடைய தகரப் பெட்டியைத் திறந்து, இருந்ததையெல்லாம் வருஷ வரிசையில் பாயில் பரப்பினேன். ஜாதக நோட்டு, பள்ளிச் சான்றிதழ், பி.எஃப். சீட்டுகள், பென்ஷன் உத்தரவு. பென்ஷன் உத்தரவு ஒரு புதையல். பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, கடைசிச் சம்பளம் எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும்.

பிறந்த தேதி ஜாதகத்திலும் சர்டிபிகேட்டிலும் ஒத்துப்போகாது, பதறாதீர்கள். அந்தத் தலைமுறையில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வைத்ததுதான் தேதி. அப்பாவுக்கு சர்டிபிகேட்டில் 1-6-1937, ஜாதகத்தில் தாது வருஷம் ஐப்பசி. தமிழ் வருஷப் பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும், அதனால் எந்தத் தாது என்று பார்க்க வேண்டும். பஞ்சத்துக்குப் பெயர்போன தாது 1876. அப்பாவுடையது அதற்கு அடுத்த தாது, 1936. ஆக அவருக்கு ஏழு மாசம் வயசு குறைத்திருக்கிறார்கள், அதனால் ஏழு மாசம் கூடுதலாக வேலை பார்த்திருக்கிறார். முதல் தேதியில் பிறந்தவர்களுக்கு முந்தைய மாசக் கடைசி நாளே ஓய்வு. அப்போது ஓய்வு வயசு 58. 31-5-1995 மாலை பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து மாலையோடு வந்தார். புத்தகத்தில் இரண்டு தேதியையும் போட்டேன். ஒன்றை மறைத்தால் பெரியம்மாவிடம் யார் பேச்சு வாங்குவது?

அடுத்தது, அவர் செய்த வேலையை எழுதுங்கள். பெரும்பாலான மலர்களில் இது ஒரு வரியில் போய்விடுகிறது: "ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றார்." ஒரு மனுஷன் நாற்பது வருஷம் கையால் என்ன செய்தான் என்பது ஒரு வரி விஷயமா? அப்பா ஃபிட்டர். நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்கு வந்த ஒர்க்‌ஷாப் அது. மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின்கள் பழுது பார்க்க வரும், ஊட்டி மலை ரயில் எஞ்சினும் வரும். சுவிட்சர்லாந்தில் விண்டர்தூரில் செய்த எஞ்சின்கள், தண்டவாளத்துக்கு நடுவே பல்வரிசையைக் கவ்வி ஏறுகிறவை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒருமுறை மேட்டுப்பாளையம் கூட்டிப்போய், ஊட்டியைக் காட்டாமல், நின்றிருந்த எஞ்சினுக்கு அடியில் குனிந்து பல்சக்கரத்தைக் காட்டினார். "அதுல ஒரு பல்லு தேஞ்சாலும் ரயிலு பின்னாடி வந்துரும்." அவ்வளவுதான், திரும்பி பஸ் ஏறிவிட்டோம். ஊட்டி பார்க்காத கோபம் எனக்கு நாற்பது வயசு வரைக்கும் இருந்தது.

வேலையைப் பற்றி எழுத வேண்டுமானால் அந்த வேலையின் சாமான்களைக் கேளுங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பார்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். "அவர் டிபன் கேரியரில் மேல் தட்டில் என்ன இருக்கும்?" என்று கேளுங்கள். அம்மா அரை மணி நேரம் பேசினாள். கிரீஸ் போக மரத்தூளும் சோப்பும் போட்டுக் கை கழுவுவார், வீட்டில் எல்லாவற்றையும் துடைக்க காட்டன் வேஸ்ட், விடிகாலைச் சங்கு ஊதும்போது ஒரு கால் சைக்கிள் பெடலில் இருக்கும். இவையெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தவை.

பெரியவர்களிடம் பேச நல்ல நேரம் காலை பத்து மணி, காபிக்கு அப்புறம். சாயங்காலம் களைத்திருப்பார்கள், பழைய சண்டைதான் நினைவுக்கு வரும். செல்போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ரிக்கார்டரை ஓட விட்டு, குப்புறக் கவிழ்த்து வையுங்கள். பதிவு செய்கிறோம் என்று சொல்லிவிடுங்கள், திருட்டுத்தனம் வேண்டாம். அண்ணன் தங்கைகளை ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் "அப்படியெல்லாம் இல்ல" என்பார், பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி.

1974 மே 8-ஆம் தேதி நாடு முழுக்க ரயில்வே ஸ்டிரைக் தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னார்கள். 27-ஆம் தேதி வாபஸ் ஆனது. அந்த இருபது நாளும் என் தாய்மாமா ஸ்டிரைக்கில் இருந்தார். மாமாவும் அப்பாவும் ஒரே வருஷம் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்கள். அந்தச் சிநேகத்தில்தான் அப்பாவுக்கு அம்மாவைக் கொடுத்தார்கள். அப்பா ஸ்டிரைக்கில் போகவில்லை. மூன்றாம் நாள் சங்கு ஊதியதும் சைக்கிளை எடுத்தார். எனக்கு எட்டு வயசு. குவார்ட்டர்ஸ் லைனில் யாரோ "கருங்காலி" என்று கத்தியது காதில் இருக்கிறது. கருங்காலி ஒரு மரம் என்றுதான் அப்போது எனக்குத் தெரியும்.

மாமாவுக்கு வேலை போய், 1977-இல் ஜனதா ஆட்சி வந்த பிறகு திரும்பக் கிடைத்தது. அப்பாவுக்கு ஸ்டிரைக்கில் சேராதவர்களுக்கான இன்கிரிமெண்ட் ஒன்று கிடைத்தது. அந்தத் தாள் தகரப் பெட்டியில் இருந்தது. அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. 1988-இல் என் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் வைக்க மாமா வரவில்லை, பெரியப்பா மகன் வைத்தார். அம்மா அன்றைக்கு யாரிடமும் பேசவில்லை.

இதை எழுதுவதா, விடுவதா? அண்ணன் விடச் சொன்னார். "செத்தவரைச் சந்தியில நிறுத்தாதே" என்றார். நான் மூன்று விதிகள் வைத்துக்கொண்டேன்.

ஒன்று, காயம் யாருடையதோ அவரிடம் கேட்க வேண்டும். என் காயத்தை நான் எழுதலாம். 1984-இல் பிளஸ் டூ முடித்து பி.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்தும், "ரெண்டு பஸ் மாறிப் போயி படிக்க வேணாம்" என்று டைப்ரைட்டிங்கில் சேர்த்துவிட்டார். அதை எழுதினேன். அண்ணனுக்கும் அப்பாவுக்கும் நடந்த ஒன்று உண்டு. அண்ணன் வேண்டாம் என்றார். அது புத்தகத்தில் இல்லை, இங்கேயும் இல்லை.

இரண்டாவது, அடைமொழி போடாமல் தேதி போட வேண்டும். "பிடிவாதக்காரர்" என்று எழுதினால் அது என் தீர்ப்பு, படிக்கிறவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். என்ன செய்தார், எப்போது செய்தார் என்று எழுதினால் அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

மூன்றாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. காரணத்தை நாமே முடித்துவைக்கக் கூடாது. அப்பா ஏன் உள்ளே போனார்? அந்த மாசம் தங்கைக்கு டைபாய்டு, நாலு வயசு, அதனால்தான் என்றாள் அம்மா. குவார்ட்டர்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் என்றார் அத்தை. அப்பாவிடம் நான் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "சங்கு ஊதுனா எனக்கு வீட்ல கால் நிக்காது" என்றார், பேப்பரைத் திருப்பிக்கொண்டார். எது நிஜம் என்று ஆராயப் போகவில்லை. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டேன்.

எழுதிய பக்கத்தை அச்சுக்கு முன்னால் மாமாவிடம் கொண்டுபோனேன். 86 வயசு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெதுவாகப் படித்தார். நான் "சிலர் கடுமையான சொல்லால் அழைத்தனர்" என்று நாசூக்காக எழுதியிருந்தேன். அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"என்ன சொல்லுன்னு போடு."

"வேணாமே மாமா."

"கருங்காலின்னு போடு பாப்பா. கூப்புட்டது நான்னும் போடு."

போட்டேன். நாசூக்கு எங்கெங்கே இருக்கிறதோ அங்கேயெல்லாம் இப்படி ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள், அவரே வழி சொல்லிவிடுவார்.

தாத்தாவைப் பற்றிய பக்கங்களைப் பேரப்பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள், நாம் திருத்த வேண்டாம். என் மகள் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை, ஒத்துக்கொள்கிறேன். 2009-இல் எஞ்சினியரிங் கவுன்சிலிங்குக்கு அவளை அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போனது அவர்தான், 72 வயசில். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் அவருக்குப் பாஸ், அவளுக்கு டிக்கெட். ராத்திரி முழுக்க சர்டிபிகேட் ஃபைலை நெஞ்சில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தே வந்தாராம். "எந்த ஊர்ல இருந்தாலும் போயி படி" என்றாராம். திருச்சிக்குள் இரண்டு பஸ் மாறக் கூடாதென்ற அதே மனுஷன்! அவள் எழுதியதில் ஒரு எழுத்தைத் தொடவில்லை. என் டைப்ரைட்டிங் கதை 9-ஆம் பக்கம், அவள் கவுன்சிலிங் கதை 17-ஆம் பக்கம். நடுவில் நான் எந்த விளக்கமும் சொல்லவில்லை.

தங்கை மகன் எழுதியது பீரோவைப் பற்றி. பிள்ளைகள் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறிப்பார்கள் அல்லவா, அப்பா ஸ்டீல் பீரோவின் பக்கவாட்டில் சென்டர் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் புள்ளி வைப்பார். பெயிண்ட் அடித்தாலும் போகாது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஸ்டீல் ரூலில் அளந்த மில்லிமீட்டர் கணக்கு ஒரு நோட்டில் உண்டு. ஐந்து பேரப்பிள்ளைகள், 61 புள்ளிகள். எங்கள் மூன்று பேருக்கும் ஒரு புள்ளியும் கிடையாது. அவன் அதை எழுதவில்லை, எண்ணிப் பார்த்தது நான்.

அச்சு வேலையில் என் தொழில் பேசுகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ5 அளவு, நடுவில் பின். பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் பல்லிளிக்கும். உள்ளே 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள், அட்டைக்கு ஆர்ட் போர்டு. நூறு பிரதிக்கு ஆஃப்செட் வேண்டாம், டிஜிட்டல் பிரிண்ட் போதும். எழுத்து 13 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. படிக்கப் போகிறவர்கள் எல்லாம் கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒருமுறை முழுசாகப் படியுங்கள்.

பெயர்ப் பட்டியலை வயசு வரிசையில் போடுங்கள். மருமகன்கள் வரிசையில்தான் பாதிக் குடும்பங்கள் பேச்சை நிறுத்துகின்றன, என் கடையில் பார்த்திருக்கிறேன். பெண்களுக்கு அவரவர் பெயர் போடுங்கள். "திருமதி" என்று எழுதிப் புருஷன் பெயரைப் போடாதீர்கள்.

பழைய போட்டோ கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். ஃப்ளாஷ் இல்லாமல், வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம் வைத்து, கண்ணாடிக்கு மேலேயே செல்போனில் எடுக்கலாம். பின்பக்கம் பெயர் எழுதினால் மென்மையான பென்சிலில் எழுதுங்கள். முக்கியமாக, படங்களையும் பெரியவர்களிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். நான் இதில்தான் கோட்டை விட்டேன். எழுத்தைக் காட்டிய நான், படப் பக்கத்தைக் கடைசி நாள் அவசரத்தில் சேர்த்தேன். தகரப் பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு குரூப் போட்டோ இருந்தது. காக்கி அரை டிராயரில் ஒன்பது அப்ரண்டிஸ் பையன்கள். அதுவரை நான் பார்த்ததே இல்லை. அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டேன். அவர் தோளில் கை போட்டு நிற்கிற, தலை நிறைய முடி வைத்த பையனைத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டிருக்கலாம், தூங்கிக்கொண்டிருந்தாள். "அருகில் நிற்பவர் பெயர் தெரியவில்லை" என்று போட்டுவிட்டேன்.

திவசம் முடிந்த மறுநாள் மாமா ஆட்டோவில் கடைக்கு வந்தார். "மிச்சம் எத்தனை இருக்கு?" என்றார். முப்பத்தெட்டு இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வைக்கச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ரீஃபில் பேனாவை எடுத்து, ஒவ்வொரு பிரதியிலும் 22-ஆம் பக்கத்தைத் திருப்பி, "பெயர் தெரியவில்லை" என்பதை அடித்து, பக்கத்தில் இனிஷியலோடு தன் பெயரை எழுதினார். மத்தியானம் ஆகிவிட்டது. நடுவில் ஒருமுறை டீ கேட்டார், சர்க்கரை இல்லாமல்.