உப்பேறிய மண்ணில் மிளகாய் நடலாம்: வேருக்குத் துணையாகும் பாக்டீரியா

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் தோட்டத்து வீடுகளில் கொல்லையில் காய்கறி போடுகிறவர்களுக்கு இது பழகிய கவலை. பெரிய அலை வரும் நாட்களில் ஆறு ஏறி, வாய்க்கால் தண்ணீர் கரிக்கும். தென்னை தாங்கிவிடும். மிளகாயும் பயற்றங்காயும் தாங்காது. இலையோரம் கருகி, செடி குட்டையாகவே நின்றுவிடும்.

இந்த மண்ணில் வேருக்குத் துணையாகப் பாக்டீரியா கொடுக்கலாம், ஆனால் அது உப்பைத் தின்னாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அப்படி நம்பித்தான் ஒரு பாத்தி நாற்றை முழுவதும் இழந்தேன். உப்பைக் கழுவ வேண்டியது மழைத் தண்ணீர். மிச்சமிருக்கும் உப்பைச் செடி தாங்குவதற்குத்தான் பாக்டீரியா உதவும்.

எப்படி என்றால், உப்பில் தவிக்கும் வேர், எத்திலீன் என்னும் வாயு ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். அதனால் வேரே வளராமல் நின்றுபோகும். எத்திலீனுக்கு மூலப்பொருள் ஏசிசி (ACC) என்னும் வேதிப்பொருள். சில பாக்டீரியா அந்த ஏசிசியை உடைத்துத் தன் உணவாக்கிக்கொள்ளும், எத்திலீன் குறையும், வேர் தொடர்ந்து ஓடும். கனடாவில் பெர்னார்ட் கிளிக் குழுவினர் 1998-இல் இதை விளக்கினார்கள். இன்னும் சில வகை, வேரைச் சுற்றி வழவழப்பான பசையை விட்டுச் சோடியத்தைப் பிடித்து வைக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். காய்ந்த மண் ஒரு பங்கு, மழைத் தண்ணீர் ஐந்து பங்கு. நன்றாகக் கலக்கித் தெளியவிட்டு, உப்பின் அளவைக் காட்டும் இ.சி. (மின்கடத்துதிறன்) மீட்டரை வையுங்கள். களிமண் என்றால் வரும் எண்ணை ஏறத்தாழ 7-ஆல் பெருக்குங்கள். மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸுக்கு (dS/m, இ.சி. அளவின் அலகு) மேல் போனால் அது உவர்மண். மிளகாய்க்கு 1.5-ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும்.

அடுத்து பாத்தியை ஒரு முழம் உயர்த்தி, பக்கத்தில் வடிகால் வெட்டுங்கள். மண் இறுகிக் கிடந்தால் சதுர மீட்டருக்கு 200 கிராம் ஜிப்சம் தூவி, சில நல்ல மழை பெய்யும்வரை காத்திருங்கள். ஆழமாகத் தோண்ட வேண்டாம். கடலோரக் களிமண்ணில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அது அமில மண். கிளறினால் புளிப்பு ஏறும். கோழி எருவை அள்ளிப் போடாதீர்கள், அதிலும் உப்பு உண்டு. மக்கிய இலைதழை போதும்.

பாக்டீரியாத் தூள் பாக்கெட் வாங்கும்போது பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் பேசில்லஸ் வகையையே சொல்வேன். அது வித்தாக உறங்கும், வெயிலையும் வறட்சியையும் ஓரளவு பொறுக்கும். இன்னொரு வகையான சூடோமோனாஸும் நல்லதுதான், ஆனால் குளிர்ச்சியான இடத்தில் வைக்காவிட்டால் செத்துவிடும்.

விதைக்குக் கொடுப்பதே எனக்குப் பிடித்த முறை. வேர் வெளியே வரும்போதே துணை பக்கத்தில் இருக்க வேண்டும். ஆறிய சோற்றுக் கஞ்சி கொஞ்சம், அதில் ஒரு கரண்டித் தூள். விதையில் பூசி அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதையுங்கள். நாற்று என்றால் தூள் கரைத்த தண்ணீரில் வேரை 20 நிமிடம் நனைத்து, சாயங்காலம் நடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதனால் மழைத் தண்ணீரே நல்லது. பூஞ்சை மருந்தை அதோடு கலக்கவே கூடாது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேரடியில் மறுபடி ஊற்றுங்கள். அப்புறம், ஒரு வரிசையை மட்டும் பாக்டீரியா இல்லாமல் விடுங்கள். 40 நாள் கழித்து இரண்டு வரிசையிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கி, மண்ணைக் கழுவி, வேர்களை அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் மண்ணுக்கு அந்தப் பாக்கெட் உதவியதா என்று அங்கேதான் தெரியும்.