பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்கள் பெயர் இருக்கிறதா? தீர்மான நோட்டிலிருந்து தொடங்குங்கள்

2018 வாக்கில் என் மூத்தவன் இரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளி மேலாண்மைக் குழுவில் என் பெயரைச் சேர்த்திருந்தார்கள். சேர்த்ததே எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். மதியம் அவனைக் கூப்பிடப் போனேன், டீச்சர் ஒரு நீள நோட்டை நீட்டி, "இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா" என்றார். மேலே தேதி இருந்தது, கீழே ஏழெட்டுப் பேருடைய கையெழுத்து இருந்தது, நடுவில் பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது. நானும் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் பிறகு என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2022-இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது என் சின்ன மகளும் அதே பள்ளியில் சேர்ந்திருந்தாள். இந்த முறை நானே கேட்டுச் சேர்ந்தேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். அரசு தொடக்கப் பள்ளியில், குறிப்பாக ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பிள்ளை படிக்கும் எல்லாருக்கும் இது உதவும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, பள்ளி மேலாண்மைக் குழு வேறு. கழகம் நம் ஊரில் பல காலமாக இருப்பது. மேலாண்மைக் குழு 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில், 21-ஆவது பிரிவில் வருவது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2022-இல் தமிழ்நாட்டில் குழுவுக்கு 20 பேர், 2024-இல் மறுபடி அமைத்தபோது 24 பேர், அப்போது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், வார்டு உறுப்பினர்கள் எல்லாரும் அதில் உண்டு. ஆனால் தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோரிலிருந்துதான் வர வேண்டும். யாரோ தயவு செய்து நமக்குக் கொடுத்த இடம் இல்லை இது.

குழு அமைக்கும் நாளில் பெற்றோர் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் என்ன ஆகும் என்றால், பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள், ஏற்கெனவே தலைமையாசிரியருக்குப் பழக்கமானவர்கள், ஊரில் பெரிய குடும்பத்துக்காரர்கள் என்று பெயர்கள் தானாக நிரம்பிவிடும். போகும் முன்பே உங்கள் தெருவில் இரண்டு பேரிடம் பேசி வையுங்கள். காலனியிலிருந்து யார் வருகிறார்கள், மாற்றுத்திறன் குழந்தையின் அம்மா யார், தினமும் பிள்ளையைக் கூட்டி வருகிற பாட்டி யார் என்று பாருங்கள். அம்மா அப்பா வெளியூரில் இருந்தால் பாதுகாவலராக இருக்கும் பாட்டியும் உறுப்பினராகலாம். எங்கள் குழுவில் அதிகம் கேள்வி கேட்டது அப்படிப்பட்ட ஒரு பாட்டிதான்.

அடுத்தது கூட்டம். 2022-க்குப் பிறகு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடத்துவது வழக்கமானது. நாளும் இடைவெளியும் அவ்வப்போது மாறும், அதனால் பள்ளியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நேரம் ஒரு பெரிய பிரச்சினை. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள், பூப்பறிக்கப் போகிறவர்கள், மில்லில் ஷிப்டு பார்க்கிறவர்கள் மூன்று மணிக்கு வர முடியாது, வந்தால் அன்றைய கூலி போச்சு. "பெற்றோர் யாரும் வர்றதில்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட, எந்த நேரத்தில் அதிகம் பேர் வர முடியும் என்பதையே முதல் கூட்டத்தில் பேசி எழுதிக்கொள்ளலாம். எங்களுக்கு நாலரை மணி சரிப்பட்டது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தக் குழுவின் பலம் முழுக்கத் தீர்மானத்தில் இருக்கிறது. கூட்டத்தில் ஒரு மணி நேரம் கொதித்துப் பேசலாம், எழுதாவிட்டால் எதுவும் பேசாத மாதிரிதான். எழுதினாலும் எப்படி எழுதுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. எங்கள் நோட்டில் பழைய பக்கங்களைப் புரட்டினால் "கழிப்பறை வசதியை மேம்படுத்தக் கேட்டுத் தீர்மானிக்கப்பட்டது" என்று திரும்பத் திரும்ப இருந்தது. எந்தக் கழிப்பறை, என்ன கோளாறு, யார் செய்ய வேண்டும், எப்போதைக்குள், எதுவும் இல்லை. அதை வைத்து எந்த அதிகாரியும் எதுவும் செய்ய முடியாது.

ஆகவே கூட்டத்துக்கு அரை மணி முன்னால் போய் நாங்கள் மூன்று பேர் உள்ளே நடந்து பார்த்தோம். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் இரண்டு குழாய், ஒன்று திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இன்னொன்றில் காற்றுதான் வருகிறது. மேலே தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. தொட்டியிலிருந்து இறங்கும் பைப், சுவர் திரும்பும் இடத்தில் விரிசல் விட்டு, பக்கத்தில் இருந்த முருங்கை மரத்துக்குத்தான் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மரம் செழிப்பாக இருந்தது. தெரிந்த பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டினோம், 15 அடி பைப், இரண்டு எல்போ, ஒரு குழாய், அவருடைய கூலி என்று ஒரு சீட்டில் எழுதித் தந்தார். அன்று தீர்மானம் இப்படி எழுதினோம்: பெண் குழந்தைகள் கழிப்பறையில் இரண்டு குழாய்களும் இயங்கவில்லை, தொட்டியிலிருந்து வரும் பைப் 15 அடிக்கு மாற்ற வேண்டும், மதிப்பீடு இணைக்கப்பட்டுள்ளது, பள்ளி மானியத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்குள் சரிசெய்வது, பொறுப்பு இன்னார். பதினாறு நாளில் தண்ணீர் வந்துவிட்டது. வருடக்கணக்கில் நோட்டில் கிடந்த வேலை அது.

கையெழுத்துப் போடும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு, அந்தக் கோட்டை ஒட்டிக் கையெழுத்து தொடங்கட்டும், நடுவில் இடம் விடாதீர்கள். பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீர்மானங்களைப் பதிவதற்கென்றே கல்வித் துறையின் டிஎன்எஸ்இடி பேரண்ட்ஸ் செயலி இருக்கிறது. நோட்டில் உள்ளதுதான் அதிலும் ஏறியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பணம் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். மானியச் செலவைக் கண்காணிப்பது சட்டம் குழுவுக்குக் கொடுத்த வேலை. ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒன்று உண்டு. அதன் விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும். அதாவது 64 பிள்ளைகள் உள்ள பள்ளியில் 2,500 ரூபாயாவது துடைப்பம், பினாயில், சோப்பு, கழிப்பறை என்று செலவாகியிருக்க வேண்டும். தொகை எப்போது வந்து சேரும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், வந்ததா என்று கேளுங்கள், வந்திருந்தால் பில்களைக் கூட்டத்தில் படிக்கச் சொல்லுங்கள். கணக்கு கேட்பது சந்தேகப்படுவது என்று சில ஆசிரியர்கள் நினைத்துக்கொள்வார்கள். பில் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டால் நாளைக்கு யாராவது புரளி கிளப்பினாலும் அவர்களுக்காகப் பேச இருபது பேர் இருப்போம், அதை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

மானியத்தில் முடியாத பெரிய வேலைகள் வேறு வழி. ஒன்றியப் பள்ளிக் கட்டடத்தின் பராமரிப்பு ஊராட்சி ஒன்றியத்தின் கையில் இருப்பதால், தீர்மான நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு மட்டும் கொடுத்தால் போதாது, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். நகராட்சி, மாநகராட்சிப் பள்ளியானால் ஆணையருக்கு. அப்புறம் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழுவின் தீர்மானத்தை அங்கே வாசித்து ஊரின் தீர்மானமாகவும் ஆக்கிவிட்டால் அதற்கு எடை கூடும். சுவரில் விரிசல், கூரையில் கம்பி தெரிவது, சாய்ந்த சுற்றுச்சுவர், இதையெல்லாம் அடுத்த கூட்டம் வரை வைத்திருக்காதீர்கள், அன்றைக்கே படத்தோடு எழுதிக் கொடுங்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஊரில் பாதிப் பேர் பள்ளிக்கு ஓடிப்போய்ச் சுவரைத்தான் தொட்டுப் பார்த்தார்கள்.

பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று உண்டு, மூன்று வருடத்துக்கானது, குழுதான் தயாரிக்க வேண்டும், நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே தயாராகிவிட வேண்டும். நடைமுறையில் போன வருடத்துத் தாளைத் தேதி மாற்றி எழுதுவது பல இடங்களில் நடக்கிறது. நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று முதலில் எழுதுங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பேர் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று என்பது சட்டத்தின் அட்டவணை. சாய்தளம், குடிநீர், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறை, சுற்றுச்சுவர், நூலகம் எல்லாமே அதே அட்டவணையில் இருக்கின்றன, ஒவ்வொன்றாக இருக்கிறதா இல்லையா என்று குறித்தாலே பாதித் திட்டம் வந்துவிடும்.

கட்டடத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பிள்ளைகள் பள்ளிக்கு வருவது. பதிவேட்டில் "நீண்ட நாள் வரவில்லை" என்றுதான் இருக்கும். அந்தக் குடும்பம் செங்கல் சூளைக்குப் போயிருக்கிறது, அல்லது அம்மாவுக்கு உடம்பு முடியாமல் மூத்த பெண் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள் என்பது ஆசிரியருக்குத் தெரியாது, தெருவுக்குத் தெரியும். ஒவ்வொரு கூட்டத்திலும் வராத பிள்ளைகளின் பெயரைப் படிக்கச் சொல்லி, யார் வீட்டுக்குப் போவது என்று அங்கேயே பிரித்துக்கொள்ளுங்கள். காலை உணவும் அப்படித்தான், மாதத்தில் ஒருநாள் காலையில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

தலைமையாசிரியரோடு சண்டை போட்டு எதையும் சாதிக்க முடியாது. இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் ஐந்து வகுப்பையும் எடுத்து, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, அலுவலகக் கடிதம் எல்லாம் அவர்தான் பார்க்கிறார். என்ன பேசப்போகிறோம் என்பதை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள், எல்லார் முன்னாலும் திடீரென்று கேட்டு நிற்க வைக்காதீர்கள். கட்சிச் சண்டையையும் ஊர்ச் சண்டையையும் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் பேச்சுவார்த்தையே கூடாது. பிள்ளையை அடிப்பது சட்டப்படி தடை, அதைக் குழுவில் எழுத்தில் கொண்டுவாருங்கள். பாலியல் தொல்லை என்று ஒரு பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும், அதைக் குழுவில் வைத்து விசாரிப்பதும் "பேசி முடிப்பதும்" தவறு, போக்சோ சட்டப்படி உடனே காவல் துறைக்குச் சொல்ல வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

நான் சொன்ன பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் கூட்டத்தில் நோட்டு அவர் கைக்கு வந்தபோது மை டப்பாவையும் நீட்டினார்கள். அவர் கட்டை விரலைச் சேலைக்குள் மடக்கிக்கொண்டு, "என்ன எழுதியிருக்குன்னு முதல்ல படி, அப்புறம் வெக்கிறேன்" என்றார். படித்தோம். கையெழுத்துப் போட்டு முடித்திருந்த ஆறு பேரும் அப்போதுதான் முதல் தடவையாக அதைக் கேட்டோம். ஒரு தேதி தப்பாக இருந்தது, திருத்தினோம். அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் நோட்டு அந்தப் பாட்டியிடமிருந்துதான் கையெழுத்துக்குச் சுற்றத் தொடங்குகிறது.