எதிரொலிக் கணக்கில் எப்போது இரண்டால் வகுக்கக் கூடாது

எதிரொலி என்று கண்டதும் கதியை நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்துவிடுவது எங்கள் பிள்ளைகளின் வழக்கம். சத்தம் போட்டவர் நின்ற இடத்திலேயே நின்றால் அது சரி. உயர்தர வினாக்களில் ஆள் நகரத் தொடங்குவார். புள்ளி போவதும் அங்கேதான்.

முதலில் படம் கீறுங்கள். ஒலி புறப்பட்ட இடம், தெறித்த இடம், காதுக்கு வந்த இடம் மூன்றையும் குறியுங்கள். ஒலி ஓடிய முழுப் பாதையையும் கதி × நேரத்துக்குச் சமப்படுத்துங்கள். வேறு சூத்திரம் தேவையில்லை.

சுவரை நோக்கிச் செக்கனுக்கு 20 மீற்றர் கதியில் வரும் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. 3 செக்கனில் சாரதிக்கு எதிரொலி கேட்கிறது. ஒலியின் கதி 340 என்றால் ஒலி ஓடியது 1020 மீற்றர். அதற்குள் பஸ் 60 மீற்றர் முன்னுக்கு வந்துவிட்டது. ஹோர்ன் அடித்தபோது சுவர் 'த' மீற்றர் தூரத்தில் இருந்தால், ஒலி போனது த, திரும்பியது த − 60. ஆகவே 2த − 60 = 1020; த = 540. எதிரொலி கேட்டபோது தூரம் 480. கண்ணை மூடிக்கொண்டு இரண்டால் வகுத்தால் 510 வரும், அது இரண்டுமில்லை. பஸ் சுவரைவிட்டு விலகினால் ஒலி திரும்பும் தூரத்தில் 60ஐக் கழிக்காமல் கூட்டுங்கள்.

எதிரொலியால் ஒலியின் கதியை அளந்துபார்க்க யாழ்ப்பாணத்தில் மலை ஏது? மைதானத்தைப் பார்த்த உயரமான மண்டபச் சுவர் போதும். பனங்கூடல் சரிவராது, ஒலியைச் சிதறடித்துவிடும். 17 மீற்றருக்குள் நின்றால் எதிரொலி தனியாகப் பிரிந்து கேட்காது; நாடா பிடித்து 85 மீற்றர் அளந்து நில்லுங்கள். போய்வர அரைச் செக்கன்தான். நிறுத்தற்கடிகாரத்தை அமத்தும் கை 0.2 செக்கன் பிந்தினாலே அந்த அளவீடு வீண். அதனால் ஒவ்வொரு எதிரொலியோடும் அடுத்த கைதட்டு ஒன்றாக விழும்படி தாளம் பிடித்துத் தட்டிக்கொண்டே இருங்கள். தாளம் நிலைத்த பிறகு இன்னொருவர் நேரம் எடுக்கட்டும்.

எங்கள் 30 பாகை வெயிலில் ஒலியின் கதி 349 அளவில் இருக்கும். பரிசோதனை விடையைப் புத்தகத்தின் 340க்கு இழுக்க வேண்டாம். பரீட்சையில் மட்டும் தந்த பெறுமானத்தையே போடுங்கள். சோழகக் காற்றுக்கும் பயப்படத் தேவையில்லை. போகும்போது கூட்டுவதை வரும்போது குறைத்துவிடும்.

எண்ணும்போது முதல் தட்டு 'பூச்சியம்'. 51 தட்டுக்கு 50 இடைவெளிதான். 24.4 செக்கனை 50ஆல் வகுத்தால் ஒரு இடைவெளி 0.488 செக்கன்; ஒலி போய்வந்த 170 மீற்றரை அதால் வகுத்தால் கதி 348. 51ஆல் வகுத்தால் 355.