வெண்பா பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெண்பா எழுதிப் பழகும் நண்பர்கள் சிலர் அவ்வப்போது பாடல்களை என்னிடம் காட்டுகிறார்கள். இருபது வருடங்களுக்கு முன் என் நோட்டில் சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட அதே பிழைகள் அவற்றிலும் இருக்கின்றன. வெண்பாவின் அடி சீர்களாகவும், சீர் நேர், நிரை என்ற அசைகளாகவும் பிரியும். ஈற்றடிக்கு மூன்று சீர் என்பதும், மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று ஒரு சீருக்கு அடுத்த சீர் எந்த அசையில் தொடங்க வேண்டும் எனச் சொல்லும் தளை விதிகளும் சீக்கிரமே பழகிவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

சொற்களைப் பிரித்து வைத்து அலகிடுவது

இன்னமும் என்னால் பொறுக்க முடியாத பிழை இதுதான். போன வாரம் வந்த ஓர் அடி:

நேற்று இரவில் மழைபெய்து நின்றது

அலகிட்டால், அதாவது அசை பிரித்துப் பார்த்தால், சீர்களின் வாய்பாடு தேமா, புளிமா, புளிமாங்காய், கூவிளம். தளை தட்டவில்லை என்று எழுதியவர் நிம்மதியாக இருந்தார். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நேற்றிரவில் என்றுதானே வருகிறது? ‘று’வில் இருந்த உகரம் போய், இரண்டு சீரும் சேர்ந்து ஒரே கூவிளங்காய் ஆகிவிட்டது. அடியில் ஒரு சீர் குறைந்தது. அப்புறம், காயை அடுத்து ‘மழை’ என்று நிரை வருவதால் வெண்பாவுக்கு ஆகாத கலித்தளையும் புகுந்துவிட்டது.

நான் இதற்குக் கொடுத்த விலை பெரிது. ஆறு மாதம் உட்கார்ந்து முப்பது வெண்பாவில் ஓர் அந்தாதி எழுதியிருந்தேன். ஒரு கவியரங்கத்துக்கு முன் அதை வாசித்த பெரியவர், நான்காம் பாட்டில் நின்று, “தம்பி, இங்கே ஒரு சீரைக் காணோமே” என்றார். தாளில் இடம் விட்டு எழுதியிருந்தேன். அவர் நாவில் எல்லாம் சேர்ந்துவிட்டது. பதினொரு பாட்டு அப்படியே சரிந்தது. அந்தாதி என்பதால் ஒன்றின் முடிவை மாற்றினால் அடுத்ததன் தொடக்கமும் மாற வேண்டும். அந்த மேடையில் நான் ஏறவே இல்லை.

ஆகவே முதலில் புணர்த்துங்கள், பிறகு அலகிடுங்கள். மேலே உள்ள அடியை இப்படி மாற்றலாம்:

நேற்றிரவில் பெய்த மழையின்று நின்றது

கூவிளங்காய், தேமா, புளிமாங்காய், கூவிளம். நே, நி என்று மோனையும் தங்கிவிட்டது. பழைய பதிப்புகளில் ‘கற்றதனா லாய’ என்று குறளை அச்சிட்டிருப்பதும் இதனால்தான். புணர்ந்த பிறகு சீர் பிரித்திருக்கிறார்கள். அதை அச்சுப்பிழை என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பாடமே அங்கேதான் இருக்கிறது.

எதுகையில் இரண்டாம் எழுத்தை மட்டும் பார்ப்பது

முதலெழுத்தின் அளவும் (குறிலா, நெடிலா என்பது) ஒத்துவர வேண்டும். பட்டு, கட்டு எதுகை. பாட்டு, கட்டு எதுகை ஆகாது.

அளபெடையை ஒட்டுப்போடப் பயன்படுத்துவது

நெடிலை இன்னும் நீட்டி ஒலிப்பது அளபெடை. மேலே சொன்ன ‘கற்றதனா லாய’ குறளின் ஈற்றடியில், ‘நற்றாள் தொழாஅர் எனின்’ என்று வருகிறது. ‘தொழார்’ என்றால் ஒரே நிரையசைதான், ஈற்றடியின் நடுவில் ஓரசை நிற்காது. ஓசை நீண்டு, இரண்டு அசையாகி, புளிமா ஆகிறது. வள்ளுவர் காலத்து ஓசையில் அது இயல்பாக நின்றது. நம் பேச்சுத்தமிழுக்கு நெருக்கமான வரியில் திடீரென்று ஓர் ‘அ’ முளைத்தால், சீர் போதாமல் சேர்த்தது என்று உடனே தெரிந்துவிடும். வேறு சொல் தேடுங்கள்.

கனிச்சீர்

நிரையில் முடியும் இந்த மூவசைச் சீர் வெண்பாவில் வராது.

‘கண்ணன்’ என்று முடித்துவிட்டு அதைக் காசு என்பது

வெண்பாவின் கடைசிச் சீருக்கு உரிய வாய்பாடுகளில் காசும் பிறப்பும் உகரத்தில் முடிய வேண்டும்.